நெவில் வின்சென்ட்

நெவில் வின்சென்ட் (1902 – சனவரி 1942) தென்னாப்பிரிக்காவில் பிறந்த வானோடி. இந்திய வான் அஞ்சல் சேவையின் முன்னோடிகளுள் ஒருவர். 1932இல் பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு முதல் டாட்டா வான் அஞ்சலைக் கொண்டுவந்தவர் இவரே ஆவார்.

இந்திய வருகை

பிரித்தானிய வான்படையில் பணியாற்றிய இவர், 1929இல் நியூவால் என்னும் நண்பருடன் இரண்டு வானூர்திகளில் இந்தியா வந்தார். இருவரும் ஊர் ஊராகச் சென்று, கட்டணம் பெற்றுக்கொண்டு மக்களை வானில் ஏற்றிப் பறந்தனர். வானூர்தி நிலையங்கள் மிக அரிதாக இருந்த அக்காலத்தில் கிடைத்த திறந்தவெளியில் இறங்குவதே வழக்கம். இப்பயணங்கள் நாட்டின் நிலத்தையும் பருவநிலையையும் இவருக்கு நன்கு அறிமுகப்படுத்தின.

அஞ்சல் திட்டம்

இங்கிலாந்திலிருந்து கராச்சி வரை வானில் வந்த அஞ்சல், அதன்பின் தொடர்வண்டியில் தெற்கே செல்லப் பல நாட்கள் ஆயிற்று. கராச்சியைப் பம்பாய், சென்னை ஆகியவற்றுடன் வான்வழியே இணைக்கும் திட்டத்தை வின்சென்ட் ஜே. ஆர். டி. டாட்டாவிடம் முன்வைத்தார். டாட்டா இயக்குநர் ஜான் பீட்டர்சன், தலைவர் தோராப்ஜி டாட்டாவை இணங்கச் செய்தார். அரசு மானியம் தர மறுத்தது. மானியமின்றியே நடத்த முன்வந்தபின், 1932 ஏப்ரலில் ஒப்பந்தம் கையெழுத்தானது. தொடக்க முதலீடு ஏறத்தாழ 2 இலட்சம் ரூபாய்.

1932 அக்டோபர் 15 அன்று டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய் ஜுஹூ வரை பறந்தார். அங்கிருந்து அஞ்சலை ஏற்றுக்கொண்ட வின்சென்ட் பெல்லாரி சென்று, மறுநாள் சென்னையை அடைந்தார்.

இடர்கள்

பயன்படுத்தப்பட்டவை ஒற்றை இயந்திரம் கொண்ட 'புஸ் மோத்' வானூர்திகள். அவற்றில் வானொலித் தொடர்பு இல்லை. தரையிலிருந்தும் வழிகாட்டுதல் இல்லை. திசைகாட்டியும் நிலப்படமுமே துணை. இயந்திரம் நின்றால் கண்ணில் படும் வெற்றிடத்தில் இறங்க வேண்டும். மழைக்காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையை முகில் மூடிவிடும். ஜுஹூ களம் நீரில் மூழ்கியதால் சேவை பூனாவுக்கு மாற்றப்பட்டது. இவ்வளவு இடர்களுக்கிடையிலும் முதலாண்டில் அஞ்சல் முழுமையாகக் காலந்தவறாமல் சென்றது. இதனை இந்தியக் குடிசார் வானூர்தித் துறை தன் ஆண்டறிக்கையில் பாராட்டியது.

விரிவாக்கம்

1935 அக்டோபரில் பம்பாய்–திருவனந்தபுரம் சேவையின் முதல் பறப்பையும் வின்சென்ட் ஓட்டினார். 1938இல் சென்னைச் சேவை திருச்சிராப்பள்ளி வழியாகக் கொழும்பு வரை நீண்டது.

மறைவு

இரண்டாம் உலகப் போரின்போது, இந்தியாவில் வானூர்தித் தொழிற்சாலை அமைப்பது குறித்துப் பேச வின்சென்ட் பிரித்தானியா சென்றார். 1942 சனவரியில் படைத்துறை வானூர்தி ஒன்றில் ஏறி இந்தியா திரும்புகையில், பிரான்சுக் கடற்கரைக்கு அப்பால் அவ்வானூர்தி காணாமற்போனது. அது பகைவரால் சுட்டு வீழ்த்தப்பட்டதாகக் கருதப்படுகிறது. தொழிற்சாலைத் திட்டமும் பின்னர் கைவிடப்பட்டது.

இவர் தொடங்கிவைத்த அஞ்சல் சேவையே வளர்ந்து 1946இல் ஏர் இந்தியா ஆயிற்று. 1953இல் நாட்டுடைமையான அந்நிறுவனம், 2022இல் மீண்டும் டாட்டா குழுமத்திடம் வந்தது.