சென்ட்ரிங் அடிக்காத கூரை: யார் இந்த ஹசன் ஃபாத்தி?

கம்பியும் கான்கிரீட்டும் இல்லாமல் வீடு கட்ட முடியுமா? முடியும்னு காட்டியவர் எகிப்து ஆர்க்கிடெக்ட் ஹசன் ஃபாத்தி (1900-1989).

1941. உலகப் போரால் மரம், இரும்புக்குத் தட்டுப்பாடு. கெய்ரோ அருகே பஹ்தீமில் ஒரு வேளாண் பண்ணைக்கு வைக்கோல் கலந்த பச்சைச் செங்கல்லில் கட்டிடம் கட்டினார் ஃபாத்தி. சுவர் நின்றது. வளைவுக் கூரை இடிந்து விழுந்தது.

விடை, தெற்கே அஸ்வான் பக்கத்து நுபியக் கிராமங்களில் இருந்தது. அங்கே கொத்தனார்கள் சென்ட்ரிங்கே அடிப்பதில்லை. பின்சுவரில் செங்கல்லைச் சாய்த்து ஒட்டுவார்கள். அதன் மேல் அடுத்த வரிசை சாயும். அப்படியே கூரை வளைந்து வரும். அவர்களையே அழைத்து வந்தார். இந்த முறை கூரை நின்றது.

அடுத்து லக்சர் அருகே புது குர்னா. பழங்காலக் கல்லறைகள் மேல் குடியிருந்த சுமார் 7,000 பேரை இடம் மாற்ற அரசு நினைத்தது. அவர்களுக்காக 1945-ல் முற்றம் வைத்த மண் வீடுகளைக் கட்ட ஆரம்பித்தார். ஆனால் பெரும்பாலானோர் வரவே இல்லை. அவர்கள் பிழைப்பு அந்தக் கல்லறைகளை நம்பித்தான் இருந்தது. வேலை பாதியில் நின்றது.

அந்தத் தோல்வியைப் பற்றி அவர் எழுதிய புத்தகம்தான், மண் வீட்டை உலகம் முழுக்கப் பேசவைத்தது. 1980-ல் 'மாற்று நோபல்' எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருதும் வந்தது.