நல்ல மகாராஜா



ரஞ்சிக் கோப்பை நமக்கெல்லாம் தெரியும். நம்ம புதுச்சேரி அணியும் 2018 முதல் அதில் ஆடுகிறது. அந்தக் கோப்பைக்குப் பெயர் தந்தவர் ரஞ்சித்சிங். ஆனால் அவருடைய தத்துப் பிள்ளை திக்விஜய்சிங்கைப் பற்றி எத்தனை பேருக்குத் தெரியும்? ரொம்ப தூரத்தில் இருக்கும் போலந்து நாட்டில் இன்றைக்கும் இவரைக் கொண்டாடுகிறார்கள். ஏன் தெரியுமா?

இளமை:
1895 செப்டம்பர் 18-ல் பிறந்தார். இராணுவத்தில் பணியாற்றினார். ரஞ்சித்சிங் 1933-ல் மறைந்த பிறகு, இப்போது குஜராத்தில் உள்ள நவாநகர் சமஸ்தானத்துக்கு மன்னர் ஆனார். அந்த ஊர் மன்னரை ஜாம் சாகேப் என்று அழைப்பார்கள்.

வந்த குழந்தைகள்:
1939-ல் ஜெர்மனி ஒரு பக்கமும் சோவியத் ரஷ்யா மறுபக்கமும் போலந்தைப் பிடித்துக்கொண்டன. ரஷ்யா லட்சக்கணக்கான மக்களை சைபீரியா போன்ற இடங்களுக்கு நாடு கடத்தியது. பசியாலும் நோயாலும் பலர் இறந்தார்கள். 1941-ல் விடுதலை கிடைத்தபோது, பெற்றோரை இழந்த பிள்ளைகள் ஏராளம். எந்த நாடு ஏற்றுக்கொள்ளும்? செலவை யார் பார்ப்பது?

அந்த நேரத்தில் ஜாம் சாகேப், நான் வைத்துக்கொள்கிறேன் என்று முன்வந்தார். குழந்தைகள் லாரிகளில் ஈரான் வழியாக மலையும் பாலைவனமும் கடந்து இந்தியா வந்தார்கள். ஜாம்நகருக்கு 25 கிலோமீட்டர் தள்ளி, பாலாசடி கடற்கரையில், தன் கோடை அரண்மனைப் பக்கத்திலேயே 1942-ல் அவர்களுக்கு முகாம் கட்டினார். இனி நீங்கள் அநாதைகள் இல்லை, நான்தான் உங்கள் பாபு, அதாவது அப்பா என்று சொல்லி வரவேற்றார்.

ஒருவர் சுமை அல்ல:
மன்னர்கள் அவைக்கு அப்போது அவர்தான் தலைவர். மற்ற மன்னர்களிடம் பேசி உதவி கேட்டார். டாட்டா போன்ற நிறுவனங்களும் கொடுத்தன. இப்படிப் பலர் கைகோத்துத்தான் அந்தப் பிள்ளைகளை வளர்த்தார்கள்.

சோறு போட்டால் மட்டும் போதுமா? நம்ம காரம் அவர்களுக்கு ஒத்துவரவில்லை. உடனே கோவாவிலிருந்து சமையல்காரர்களை வரவழைத்தார். பிள்ளைகள் ஒருநாள் கீரை வேணாம்னு சாப்பிட மறுத்தார்களாம். இனி கீரையே சமைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டாராம்! அவர்கள் மொழியில் பாடம், அவர்கள் முறைப்படி வழிபாடு, சாரணர் படை, நாடகம் எல்லாம் நடந்தன. தன் பிள்ளைகளாக வளர்த்தார், ஆனால் அவர்கள் போலந்துப் பிள்ளைகளாகவே இருக்கட்டும் என்று விட்டார். இதுதான் அவருடைய பெருமை.

போர் முடிந்தபின் 1946-ல் முகாம் மூடப்பட்டது. ஊர் திரும்பப் பயந்த சில பிள்ளைகளைக் கட்டாயமாக அனுப்பாமல் இருக்க, வேறு இருவரோடு சேர்ந்து சட்டப்படி தத்தெடுத்தார்.

மறைவும் புகழும்:
1966 பிப்ரவரி 3-ல் காலமானார். போலந்தின் தலைநகர் வார்சாவில் ஒரு சதுக்கத்துக்கு நல்ல மகாராஜா சதுக்கம் என்று பெயர். ஒரு பள்ளிக்கூடத்துக்கும் அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.

நாம் செய்ய வேண்டியது:
ராஜாவாக இருந்தால்தான் இதெல்லாம் முடியும் என்று நினைக்காதீர்கள். கனடாவில் 1979 முதல் சாதாரண மக்களே குழுவாகச் சேர்ந்து ஓர் அகதிக் குடும்பத்தை ஏற்றுக்கொள்கிறார்கள். வீடு பார்த்துக் கொடுத்து, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து, ஒரு வருடம் செலவையும் ஏற்கிறார்கள். 2004 சுனாமியின்போது நம்ம காரைக்காலிலும் வீடிழந்தவர்களுக்கு ஊர் மக்கள் சோறும் துணியும் கொடுத்ததை நம் பெற்றோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையிலிருந்து 1983 முதல் உயிருக்குப் பயந்து வந்தவர்களின் பிள்ளைகள் இன்றும் தமிழ்நாட்டு முகாம்களில் வளர்கிறார்கள்.

நம் வகுப்புக்கு வேறு ஊரிலிருந்து ஒரு புதுப் பிள்ளை வந்தால், பேச்சைக் கேட்டுச் சிரிக்காமல், பக்கத்தில் இடம் விட்டு உட்கார வைப்போமா?