திரும்பி வந்த கேப்டன்... தோற்றுப்போன தொடர்! 'டைகர்' பட்டோடியின் கடைசி சீசனில் என்ன நடந்துச்சு?

உடுமலை பக்கம் ஞாயித்துக்கிழமை டென்னிஸ் பால் மேட்ச் ஆடுற டீம்ல கூட இது நடக்கும். தொடர்ந்து தோத்தா, பழைய கேப்டனைத் தேடிப் போய் கூப்பிடுவாங்க. 1974-ல் இந்திய கிரிக்கெட் அணியும் அதைத்தான் செஞ்சுது. கூப்பிட்டது மறைந்த மன்சூர் அலி கான் பட்டோடியை.

யார் இந்த பட்டோடி?

1941-ல் போபாலில் பிறந்த நவாப் வீட்டுப் பிள்ளை. 11-வது பிறந்தநாள் அன்னிக்கே அப்பாவை இழந்தார். 1961-ல் இங்கிலாந்தில் நடந்த கார் விபத்தில் வலது கண் பார்வை போச்சு. ஆனா ஆறே மாசத்துக்குள் டெஸ்ட் அணியில் இடம், சென்னையில் சதம்! 1962-ல் கேப்டன் நாரி கான்ட்ராக்டர் தலையில் அடிபட, 21 வயசிலேயே கேப்டன் ஆனார். 1968-ல் நியூசிலாந்தில், வெளிநாட்டு மண்ணில் இந்தியாவின் முதல் டெஸ்ட் தொடர் வெற்றி இவர் தலைமையில்தான்.

பதவி ஏன் போச்சு?

1971-ல் தேர்வுக்குழுத் தலைவர் விஜய் மெர்ச்சன்ட்டின் ஒரே ஒரு ஓட்டில் அஜித் வடேகர் கேப்டன் ஆனார். அதே வருஷம் மன்னர் பட்டங்களும் ஒழிக்கப்பட்டன.

திரும்ப வந்தது எப்படி?

1974-ல் இங்கிலாந்தில் 0-3 என தோல்வி. லார்ட்ஸில் வெறும் 42 ரன்னுக்கு ஆல் அவுட். வடேகர் விலக, பட்டோடிக்கு அழைப்பு வந்தது. இந்த முறை நவாப் இல்லை, வெறும் மன்சூர் அலி கான்.

எதிரில் கிளைவ் லாயிடின் வெஸ்ட் இண்டீஸ். பெங்களூரில் தோல்வி, பட்டோடிக்கு விரலில் காயம். அவர் ஆடாத டெல்லி டெஸ்டில் நம்ம வெங்கட்ராகவன் கேப்டன், அதிலும் தோல்வி. 0-2.

கொல்கத்தாவில் தாடையில் பந்து பட்டும் திரும்பி வந்து பேட் பிடித்தார் பட்டோடி. 85 ரன்னில் வெற்றி. அடுத்தது சேப்பாக்கத்தில் பொங்கல் டெஸ்ட். விஸ்வநாத் அவுட் ஆகாமல் 97 அடிக்க, 100 ரன்னில் வெற்றி. 2-2!

கடைசியில், மும்பை வான்கடேயில் லாயிட் 242 அடிக்க, ஆட்டமும் போச்சு, தொடரும் போச்சு. பேட்டிங்கிலும் சோபிக்காத பட்டோடி அத்தோடு டெஸ்டில் இருந்து ஒதுங்கினார். 2011-ல் காலமானார்.

ரெக்கார்டில் 2-3 என்றுதான் இருக்கும். ஆனா அவர் கேப்டனாக இறங்கிய 4 டெஸ்டில் கணக்கு 2-2. ஒற்றைக் கண்ணோட, அடிபட்ட விரலோட வந்த கணக்கு அது.