தன்னை ஒதுக்கிய துறைக்கே தலைவரானவர்: எட் ராபர்ட்ஸ்

மாற்றுத்திறனாளிகளின் உரிமைப் போராட்ட வரலாற்றைப் படிக்கும்போது நாம் தவறாமல் சந்திக்கும் பெயர் எட் ராபர்ட்ஸ். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1939 ஜனவரி 23 அன்று பிறந்தவர். 1953இல், 14 வயதில், போலியோ அவரைத் தாக்கியது. போலியோ தடுப்பூசி பயன்பாட்டுக்கு வர அப்போது இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன.

கழுத்துக்குக் கீழே உடல் முடங்கியது. இரண்டு கைவிரல்களும் சில கால்விரல்களும் மட்டுமே அசைந்தன. மூச்சு விடுவதற்கு 'இரும்பு நுரையீரல்' என்ற பெரிய உருளை வடிவ இயந்திரத்துக்குள் படுத்திருக்க வேண்டும். இவன் பிழைத்தாலும் செடிகொடி போலத்தான் கிடப்பான் என்று மருத்துவர் தாயிடம் சொன்னது சிறுவனின் காதில் விழுந்தது. மனமுடைந்து சாப்பிட மறுத்த அவர், பிறகு வாழ்ந்தே தீருவது என்று முடிவெடுத்தார்.

தாய் ஸோனாவின் துணை அவருக்குப் பெரும் பலமாக இருந்தது. பெரும்பாலும் வீட்டிலிருந்து தொலைபேசி வழியாக உயர்நிலைப் பள்ளிப் பாடங்களைப் படித்து முடித்தார். ஆனால் உடற்பயிற்சி வகுப்பும் வாகனம் ஓட்டும் வகுப்பும் முடிக்கவில்லை என்று காரணம் காட்டிச் சான்றிதழ் தர மறுத்தது பள்ளி. ஸோனா விடவில்லை. மேலிடம் வரை சென்று போராடிச் சான்றிதழைப் பெற்றுத் தந்தார்.

அடுத்த தடை அரசிடமிருந்து வந்தது. மாற்றுத்திறனாளிகளின் படிப்புக்கு உதவ வேண்டிய மாநில மறுவாழ்வுத் துறை, இவரால் ஒருபோதும் வேலை பார்க்க முடியாது என்று முடிவு கட்டி உதவியை மறுத்தது. செய்தி பத்திரிகைகளில் வெளியான பிறகே அந்த முடிவு மாறியது. 1962இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இரும்பு நுரையீரலை வைக்க விடுதி அறைகள் இடம் தராததால், வளாகத்து மருத்துவமனையில் தங்கி அரசியல் அறிவியல் படித்தார். அவரைத் தொடர்ந்து வேறு மாற்றுத்திறனாளி மாணவர்களும் அங்கு வந்தார்கள். அவர்கள் ஒன்றுகூடியதன் விளைவாக, 1972இல் பெர்க்லியில் சுதந்திர வாழ்வு மையம் பிறந்தது. மாற்றுத்திறனாளிகளே நடத்திய மையம் அது.

1975இல் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் அவரை ஒரு துறையின் இயக்குநராக நியமித்தார். எந்தத் துறை தெரியுமா? அவரை உதாசீனம் செய்த அதே மறுவாழ்வுத் துறைதான்!

பதவி வந்ததும் போராட்டத்தை மறப்பவர்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். ராபர்ட்ஸ் அப்படி இருக்கவில்லை. மத்திய அரசின் நிதி பெறும் எந்த அமைப்பும் மாற்றுத்திறனாளிகளிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 504ஆம் பிரிவு. ஆனால் அதை நடைமுறைப்படுத்தும் விதிகளில் கையெழுத்திடாமல் நான்கு ஆண்டுகள் இழுத்தடித்தார்கள். 1977 ஏப்ரல் 5 அன்று பல நகரங்களில் மாற்றுத்திறனாளிகள் அரசு அலுவலகங்களுக்குள் நுழைந்து அமர்ந்தார்கள். மற்ற இடங்களில் போராட்டம் சீக்கிரமே முடிந்துவிட, சான் பிரான்சிஸ்கோவில் சுமார் 150 பேர் வெளியேற மறுத்துவிட்டார்கள்.

இது சாதாரண சட்ட மறுப்பு அல்ல. அவர்களில் பலருக்கு உதவியாளர் இல்லாமல் படுக்கவோ, கழிப்பறைக்குச் செல்லவோ முடியாது. தேவையான மருந்தும் கருவிகளும் வீட்டில் இருந்தன. உயிரைப் பணயம் வைத்துத்தான் அங்கே தரையில் படுத்தார்கள். தொலைபேசி இணைப்புகள் துண்டிக்கப்பட்டபோது, காது கேளாத போராளிகள் ஜன்னல் வழியே சைகை மொழியில் வெளியே செய்தி அனுப்பினார்கள். கறுப்பினத்தவரின் பிளாக் பேந்தர் இயக்கத்தினர் தினமும் சூடான உணவு கொண்டுவந்து கொடுத்தார்கள்.

மாநில அரசின் உயர் அதிகாரியான ராபர்ட்ஸ், மத்திய அரசை எதிர்த்து நின்ற அந்த மக்களோடு வெளிப்படையாக நின்றார். அந்தக் கட்டடத்துக்குள்ளேயே நாடாளுமன்ற உறுப்பினர்கள் நடத்திய விசாரணையில் அவர்களுக்காகப் பேசினார். கடைசியில் ஏப்ரல் 28 அன்று அமைச்சர் ஜோசப் கலிஃபானோ விதிகளில் கையெழுத்திட்டார். போராளிகள் ஏப்ரல் 30 அன்று வெற்றியோடு வெளியே வந்தார்கள். 1990இல் வந்த அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்கு இந்த விதிகளே அடித்தளமாக அமைந்தன.

1995 மார்ச் 14 அன்று, 56ஆம் வயதில், ராபர்ட்ஸ் காலமானார். அவர் பயன்படுத்திய சக்கர நாற்காலி இன்று வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அவருடைய வாழ்க்கை நம்மிடம் சில கேள்விகளைக் கேட்கிறது. நம் குடும்பத்துப் பிள்ளைக்கு ஒரு பள்ளி இடம் மறுத்தால், விதி என்று நாம் திரும்பி வருகிறோமா, ஸோனாவைப் போல மேலிடம் வரை போய்க் கேட்கிறோமா? நம் பள்ளிவாசலிலும் திருமண மண்டபத்திலும் சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் இருக்கிறதா? பொறுப்பில் இருப்பவர்கள் நாமாக இருந்தால், வெளியே யாராவது போராடும் வரை காத்திருக்க வேண்டியதில்லையே!