மாண்டலின் ஸ்ரீநிவாஸ்

உ. ஸ்ரீநிவாஸ் (பெப்ரவரி 28, 1969 - செப்டம்பர் 19, 2014) மின் மாண்டலினில் கருநாடக இசையை வாசித்துப் புகழ்பெற்ற கலைஞர் ஆவார். ஆந்திரப் பிரதேசத்தின் பாலக்கொல்லில் பிறந்த இவர், சென்னையில் வாழ்ந்தார்.

கருவி

வழமையான மாண்டலினில் நான்கு இணைகளாக எட்டுத் தந்திகள் உண்டு. மீட்டிய நாதம் விரைவில் தேய்வதால், நீண்ட கமகங்களுக்கு அது ஏற்றதன்று எனக் கருதப்பட்டது. ஸ்ரீநிவாஸ் ஒற்றைத் தந்திகள் ஐந்து கொண்ட மின் மாண்டலினைக் கையாண்டார். தந்தியின் அதிர்வைப் பிக்-அப் மின்னலைகளாக மாற்றியது; அதனையடுத்து இணைக்கப்பட்ட ஆம்ப்ளிஃபையர் தேயும் நாதத்தையும் செவிக்கு எட்டச் செய்தது. இதனால் ஒரே மீட்டில் கமகத்தைத் தொடர இயன்றது.

அங்கீகாரம்

மேலைநாட்டுக் கருவி என்ற தொடக்க கால ஐயங்களைக் கடந்து, 1983 இல் பெர்லின் ஜாஸ் விழாவில் வாசித்தார். 1998 இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 45 ஆவது வயதில் சென்னையில் காலமானார்.