முட்கதவைக் கடந்த அடிகளார்

போரினாலும் பகையினாலும் அடைபட்ட நாட்டிலே துன்புறும் குடிமக்களுக்கு உணவும் மருந்தும் எவ்வாறு சேர்ப்பது என்னும் வினா இக்காலத்துக்கு மட்டும் உரியதன்று. 1859ஆம் ஆண்டு சொல்பெரினோப் போர்க்களத்தின் அவலத்தைக் கண்ணுற்ற ஆன்றி துனாந்து, 1863இல் செஞ்சிலுவை இயக்கம் தோன்றக் காரணரானார். போரில் அகப்பட்ட பொதுமக்களைக் காப்பதற்கெனத் தனியொரு உடன்படிக்கை 1949இல் செனீவா நகரில் நிறைவேறியது. நம் நாட்டில் 2009இல் முடிவுற்ற போரின்போதும் மருந்துப் பொதிகள் காவலரண்கள் பலவற்றைக் கடந்தே மக்களைச் சென்றடைய வேண்டியிருந்தது. இவற்றை எண்ணுந்தோறும், சங்கமோ உடன்படிக்கையோ இல்லாத காலத்திலே கண்டி மாநகரில் இப்பணியைத் தம் கைகளாற் செய்த யோசே வாஸ் அடிகளார் என் நினைவுக்கு வருகிறார்.

அடிகளார் 1651ஆம் ஆண்டு ஏப்பிரில் 21ஆம் நாள் கோவாவைச் சார்ந்த பெனாலிம் என்னும் ஊரிற் பிறந்தார். கொங்கணியைத் தாய்மொழியாகக் கொண்ட அவர் 1676இல் குருப்பட்டம் பெற்றார். இலங்கையிலோ ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியிருந்தனர். கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலம் தருவோர்க்கு மரண தண்டனை என்பது அவர்தம் ஆணை. குருவின்றித் தவித்த அம்மக்களின் நிலையைக் கேள்வியுற்ற அடிகளார், 1687இல் வறிய கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். வந்தவுடன் வயிற்றுளைவு கண்டு வழியோரத்தில் வீழ்ந்து கிடந்தார் என்றும், ஏழைப் பெண்ணொருத்தி கஞ்சி வார்த்து அவர் உயிரைக் காத்தாள் என்றும் மரபு கூறும். உடல் தேறியபின், கழுத்திற் செபமாலை அணிந்து வீடுவீடாய் இரந்து சென்று தம் சமயத்தாரை இனங்கண்டார். சில்லாலை மக்கள் அவருக்குப் புகலிடம் அளித்தனர். ஒல்லாந்தரின் தேடுதல் கடுமையாகவே, 1690இல் கண்டி மன்னனின் ஆட்சிக்குட்பட்ட புத்தளத்துக்குச் சென்றார். 1692இல் தலைநகராகிய கண்டியை நோக்கி மலையேறினார்.

அக்காலக் கண்டியின் நிலையை வாசகர் மனங்கொள்ளல் வேண்டும். கரையோரம் ஒல்லாந்தர் வசம். மலைநாடு மன்னன் வசம். போர் ஓய்ந்திருந்த வேளையிலும் ஐயம் ஓய்ந்ததில்லை. 1660 முதல் 1679 வரை அங்கே சிறையிருந்த இராபர்ட்டு நொக்சு எனும் ஆங்கிலேயர், கணவாய்கள்தோறும் முள்ளாற் செய்த கதவுகள் இருந்தமையையும், மண்ணிற் பதித்த முத்திரையைக் காட்டாத எவரும் அவற்றைக் கடக்க இயலாமையையும் தம் நூலில் விவரித்துள்ளார். அத்தகைய நாட்டினுள் அந்நியர் ஒருவர் நுழைந்தால் யாது நேரும்? போர்த்துக்கேயரின் ஒற்றர் என்னும் குற்றச்சாட்டுக்கு ஆளாகி அடிகளார் சிறையிடப்பட்டார். அவர் வெகுண்டாரல்லர், முறையிட்டாருமல்லர். சிறையிலிருந்தே சிங்களம் கற்றார். காவல் தளர்ந்தபின்னும் நகரெல்லையைக் கடவாது கட்டுண்டு வாழ்ந்தார். நாளடைவில் அக்கட்டும் தளர்ந்தது.

வறட்சிக் காலத்தில் அவர் வேண்டுதலால் மழை பெய்தது என்னும் செய்தியைப் பலரும் விரும்பிக் கூறுவர். அதனினும் மேலாக நான் போற்றுவது 1697இல் நிகழ்ந்ததையே. அவ்வாண்டு கண்டியைப் பெரியம்மை பற்றிக்கொண்டது. சென்னர் அம்மைப்பால் முறையைக் கண்டது 1796இலேதான். ஆதலின் அன்று நோய்க்கு அஞ்சியோர் அறிந்த வழி ஓட்டம் ஒன்றே. மன்னன் நகரை நீங்கினான், பெருமக்களும் நீங்கினர். நோயுற்றோரை உற்றாரே கைவிட்டனர். அடிகளார் ஓடவில்லை. தம்மினும் இளைய குருவும் உறவினருமான யோசே கர்வால்யோ அடிகளுடன் வீதிவீதியாய்ச் சென்று, கைவிடப்பட்டோரைத் தேடினார். வெறுமையான மனைகளில் அவர்களைக் கிடத்தினார், புண்களைக் கழுவினார், கஞ்சி ஊட்டினார், இறந்தோரைப் புதைத்தார். பௌத்தர் இவர், கத்தோலிக்கர் இவர் என்று பிரித்துப் பார்த்தாரில்லை. அரச வண்டியோ பண்டசாலையோ அவருக்கு இல்லை. இரந்து பெற்றதே அவர்தம் களஞ்சியம்.

அப்போது அரசாண்ட இரண்டாம் விமலதர்மசூரியன் பௌத்தத்தில் ஆழ்ந்த பற்றுடையவன். அரக்கான் நாட்டிலிருந்து பிக்குமாரை வரவழைத்து உபசம்பதையை மீட்டவன். புனித தந்தத்துக்கு மூன்றுமாடக் கோயில் எடுத்தவன். அவன் அடிகளாரின் சமயத்தை ஏற்றானல்லன். ஆயினும் அவர் தொண்டினை மதித்து, அவர் பணி தடையின்றி நடக்க இடமளித்தான். ஒற்றர் என்ற ஐயத்தை நீக்கியது எதுவென ஆராய்வோமாயின், அது வாதமன்று, பரிந்துரையுமன்று. எவருமே அணுக அஞ்சிய நோயாளியின் அருகில் அவர் இருந்த இருப்பே எனலாம். எத்தரப்புக்கும் ஆள் அல்லர் எனச் சொல்லிக்கொள்ளுதல் எளிது. அதனை மெய்ப்பிக்க அவருக்கு ஐந்தாண்டுகள் சென்றன. உதவி செய்யப் புறப்படுவோர் பலர் இக்கால அளவைப் பொறுக்கமாட்டாமலே இடர்ப்படுகின்றனர் என்பது என் கருத்து.

நரேந்திரசிங்க மன்னனின் ஆட்சியில், 1711ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள், தமது ஐம்பத்தொன்பதாம் வயதில் அடிகளார் கண்டியிலேயே இயற்கை எய்தினார். அவர் துயிலும் இடத்தை இன்று சுட்டிக்காட்ட அடையாளமில்லை. 1995இல் அருளாளர் எனவும், 2015 சனவரி 14இல் கொழும்பிலே திருத்தந்தை பிரான்சிசுவினால் புனிதர் எனவும் அறிவிக்கப்பட்டார். பெரியம்மை உலகினின்றும் ஒழிந்தது என 1980இல் உலக சுகாதார நிறுவனம் சாற்றிவிட்டது. முட்கதவுகளோ வெவ்வேறு வடிவிற் பல நாடுகளில் இன்றும் நிற்கின்றன. அவற்றின் முன் உணவுப் பொதியுடன் காத்துநிற்பவர்களுக்கு இக்கண்டித் துறவியின் வரலாறு துணையாகுக.