அடிமைக் கோலத்தில் வந்த அடிகளார்



கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதத்தில் சென்றவர்கள் ரம்புக்கனை நிலையத்தை மறந்திருக்க மாட்டார்கள். அதுவரை சமதரையில் ஓடிவரும் பாதை அங்கிருந்துதான் மலையேறத் தொடங்குகிறது. நீராவி எஞ்சின்களின் காலத்தில் ஒரு எஞ்சினால் அந்த ஏற்றத்தைத் தனியே கடக்க இயலாது. ஆகவே ரம்புக்கனையில் வண்டியை நிறுத்தி, உதவிக்கு இன்னோர் எஞ்சினையும் பூட்டிக்கொள்வார்கள். தன்னால் தனியே முடியாது என்று நின்றதற்காக எந்த எஞ்சினையும் யாரும் பழித்ததில்லை.

மனிதருக்கு மட்டும் நாம் அந்தச் சலுகையை அளிப்பதில்லை. ரம்புக்கனையைச் சூழ்ந்த தோட்டங்களில் வாழும் நம் குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். பாட்டன் காலத்து லய அறையை விட்டுத் தனிவீட்டுக்குக் குடிபோக ஒரு முதியவர் மறுக்கிறார். சிங்களம் சரளமாகப் பேச வராது என்பதால் கிடைக்கக்கூடிய வேலைக்கும் விண்ணப்பிக்காமல் ஒருவர் படிவத்தை மடித்து வைத்துவிடுகிறார். பால் வெட்டும் தொழிலைத் தவிர வேறொன்றும் தமக்கு ஆகாது என்று இன்னொருவர் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறார். இவர்களைக் கோழைகள் என்கிறோம், பிடிவாதக்காரர் என்கிறோம். அதனிலும் துயரம், இரவில் உறக்கம் வராத வேளையில் அவர்களே தம்மை அப்படித் திட்டிக்கொள்வதாகும். விசுவாசம் உள்ளவனுக்கு அச்சம் வரலாமா என்ற கேள்வியும் சேர்ந்து அவர்களை வாட்டுகிறது. இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு, புனித யோசப் வாஸ் அடிகளாரின் வாழ்க்கையை இவ்வாரம் உங்களோடு சேர்ந்து நினைவுகூர விரும்புகிறேன்.

அடிகளார் 1651 ஆம் ஆண்டு ஏப்ரல் 21 ஆம் நாள் கோவாவிலுள்ள பெனாவுலிம் என்னும் ஊரில் பிறந்தார். கொங்கணி பேசும், ஊரில் மதிப்புள்ள ஒரு கத்தோலிக்கக் குடும்பம் அவருடையது. 1676 இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். மறு ஆண்டு, 1677 ஆகஸ்ட் 5 ஆம் நாள், இருபத்தாறு வயது இளங்குருவாகிய அவர் ஒரு காரியம் செய்தார். அன்னை மரியாளுக்கு என்றென்றும் தாம் அடிமை என்று தம்மையே எழுதிக் கொடுத்து, அதில் கையொப்பமிட்டார். அடிமைச் சாசனம் என்றே அது அழைக்கப்படுகிறது. மனிதரை விலைக்கு வாங்கி விற்ற ஒரு காலத்தில், அடிமை என்ற சொல்லின் கனத்தை நன்கறிந்த ஒருவர் எழுதிய பத்திரம் அது. இச்சாசனத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்றுப் பின்னர் இதனிடம் திரும்பி வருவோம்.

இலங்கையில் குருக்கள் எவருமின்றித் தவித்த கத்தோலிக்கரைப் பற்றிக் கேள்வியுற்ற நாள்முதல் அவரது உள்ளம் இங்கேயே இருந்தது. மேலிடமோ அவரைக் கன்னட நாட்டுக் கரையோரத்துக்கு அனுப்பியது. 1681 முதல் 1684 வரை மங்களூர்ப் பகுதியில் பணிபுரிந்து, சிதறிக் கிடந்த பங்குகளை ஒன்றுசேர்த்தார். விரும்பிய இடம் கிடைக்கவில்லையே என்று அரை மனத்தோடு அங்கே அவர் நாட்களைக் கழிக்கவில்லை. கோவாவுக்குத் திரும்பியபின் 1685 இல், உள்நாட்டுக் குருக்கள் சிலரோடு ஓறற்றோரியன் சபையை அங்கே நிலைபெறச் செய்து, அதன் தலைவருமானார். அத்தோடு அவர் நிம்மதியாக அமர்ந்திருக்கலாம். மரியாதை இருந்தது, இல்லம் இருந்தது, தம்மை மதிக்கும் தோழர்கள் இருந்தார்கள். 1686 இல் தலைமைப் பொறுப்பை விட்டுவிட்டு, யோவான் என்ற பணியாளரோடு புறப்பட்டார்.

தூத்துக்குடி வரை வந்தாயிற்று. இனிக் கடலைக் கடக்க வேண்டும். அக்கரையில் ஆட்சி செய்தவர்கள் ஒல்லாந்தர். 1656 இல் கொழும்பையும் 1658 இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து அவர்கள் கைப்பற்றியிருந்தனர். கத்தோலிக்கக் குருக்களைத் துரத்தினர். குருவானவர் ஒருவருக்கு வீட்டில் இடம் கொடுத்தால் மரண தண்டனை என்று 1658 இலேயே சட்டம் போட்டனர். குருவின் அங்கியோடு அக்கரையில் கால் வைக்க இயலாது. ஆகவே அடிகளார் அங்கியைக் களைந்தார். இடையில் ஒரு துண்டுத் துணியோடு, கூலிக்குப் போகும் அடிமை ஒருவனின் கோலத்தில் படகேறினார்.

அன்பார்ந்தவர்களே, இங்கே சற்று நிற்போம். மாற்றம் என்று சொன்னதும் நாம் நடுங்குவது பெரும்பாலும் எதனால்? இருந்த இடம் போய்விடும், இருந்த பெயர் போய்விடும், அப்புறம் நான் யார் என்ற கலக்கத்தினால் அன்றோ? கோவாவின் மதிப்புள்ள குடும்பத்துப் பிள்ளை, சபைத் தலைவர், படித்த குருவானவர் என்பதெல்லாம் அந்த ஒரு துண்டுத் துணியோடு அடிகளாரை விட்டு நீங்கின. ஆனால் பத்து ஆண்டுகளுக்கு முன்னரே தாம் அடிமை என்று எழுதிக் கையொப்பமிட்டவர் அவர். ஒல்லாந்தக் காவலர் கண்ணுக்கு அது மாறுவேடமாய் இருக்கலாம். அவரைப் பொறுத்தவரை, தாம் உண்மையில் யாரோ அதற்கேற்ற உடையை அன்றுதான் உடுத்தினார் என்றே எனக்குத் தோன்றுகிறது. எதற்காக வாழ்கிறோம் என்பது நெஞ்சில் எழுதப்பட்டிருந்ததால், எந்தக் கோலத்தில் வாழ்வது என்பது அவருக்குப் பெரிதாகப் படவில்லை.

1687 இல் யாழ்ப்பாணம் சேர்ந்தார். மறைப்பணி தொடங்கவில்லை, கடுமையான வயிற்றுளைச்சலில் விழுந்தார். நோய் தொற்றிவிடும் என்று பயந்த மக்கள் அவரை அணுகவில்லை. இரக்கமுள்ள ஒரு பெண் கஞ்சி கொடுத்து உயிரைக் காத்ததாக அவரது வரலாற்றை எழுதியோர் கூறுவர். எத்தனையோ கனவுகளோடு வந்த அப்போஸ்தலர், யாரோ ஒருத்தியின் கஞ்சியை இரு கைகளாலும் வாங்கிக் குடித்துப் படுத்துக் கிடந்தார். இலங்கையில் அவரது பணி இப்படித்தான் தொடங்கியது.

உடல் தேறிய பின் பிச்சைக்காரராக வீடு வீடாகச் சென்றார். கழுத்தில் ஒரு செபமாலையை அணிந்துகொண்டார். அதைப் பார்க்கும் கண்களை அவர் பார்த்தார். யார் முகத்தில் ஓர் ஒளி தோன்றுகிறதோ அவர்களே மறைந்து வாழும் கத்தோலிக்கர் என்று கண்டுகொண்டார். சில்லாலையில் மக்கள் அவரை மறைத்துக் காத்தனர். பகலில் ஒளிந்திருந்து, இரவில் திருப்பலி ஒப்புக்கொடுத்தார்.

அவர் சந்தித்த மக்கள் யார் என்பதையும் எண்ணிப் பார்ப்போம். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் குருவின் முகம் காணாதவர்கள். ஒல்லாந்தருக்கு அஞ்சி, பிள்ளைகளுக்கு அவர்களது கோவிலில் ஞானஸ்நானம் பெற்றவர்கள், அங்கேயே திருமணம் பதிந்தவர்கள். வெளியே ஒன்றும் உள்ளே ஒன்றுமாக வாழ்ந்ததால் குற்ற உணர்வில் குன்றியிருந்தவர்கள். அடிகளார் அவர்களை அதட்டி ஒதுக்கியிருந்தால் அன்றே அத்திருச்சபை அழிந்திருக்கும். அவரோ அவர்களது ஒப்புரவைக் கேட்டார், திருவருட்சாதனங்களை வழங்கினார், அடுத்த வீட்டுக்கு நடந்தார். அச்சத்தை வெறுக்க அவருக்கு நியாயமில்லை. அவரே ஒளிந்து வாழ்ந்தவர் அல்லவா?

ஆம், அடிகளார் ஒளிந்தார், கோலம் மாற்றினார், காவலர் வரும் செய்தி கேட்டால் இடம் பெயர்ந்தார். ஒரு நகரில் துன்புறுத்தினால் மறு நகருக்கு ஓடிப்போகுமாறு ஆண்டவரே சீடர்களுக்குப் பணித்திருந்தார். கெத்சமனித் தோட்டத்தில் அதே ஆண்டவர் கலங்கி வியர்த்ததையும் நற்செய்தி மறைக்கவில்லை. அடிகளார் தம் உடலுக்குச் சலுகை காட்டியவர் அல்லர். வெறுங்காலோடு நடந்தார், உபவாசித்தார், உறக்கத்தைக் குறைத்தார். அவ்வளவு கண்டிப்பானவரும் தம்மிடம் அச்சமே இருக்கக்கூடாது என்று கேட்கவில்லை. பிறரை நேசிப்பதற்கு அளவாக ஆண்டவர் வைத்தது, ஒருவன் தன்னை நேசிக்கும் நேசத்தை என்பதை நாம் எத்தனை முறை வாசித்தும் பாதியிலேயே விட்டுவிடுகிறோம்.

1689 ஆம் ஆண்டு நத்தார் இரவு யாழ்ப்பாணத்தில் பெரும் இடி விழுந்தது. திருப்பலிக்குக் கூடியிருந்த கத்தோலிக்கர் சுமார் 300 பேரை ஒல்லாந்தர் சுற்றி வளைத்தனர். சிலர் கொடிய தண்டனைகளுக்கு உள்ளாயினர். அடிகளார் அகப்படவில்லை. எந்த மேய்ப்பனுக்கும் நெஞ்சை அறுக்கும் இரவு அது. தம் பொருட்டு மற்றவர்கள் அடிபடும்போது தாம் மட்டும் தப்பியிருப்பது எளிதான சுமை அன்று. அந்தச் சுமையோடே, 1690 இல் கண்டி அரசனுக்கு உட்பட்ட புத்தளத்துக்குச் சென்று பணியைத் தொடர்ந்தார்.

அங்கிருந்து 1692 இல் தலைநகராகிய கண்டிக்குப் புறப்பட்டார். அவர் போர்த்துக்கேயரின் ஒற்றர் என்று ஒரு பிரெஞ்சுக் கல்வினியர் மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியனின் காதில் போட்டுவிட, கூட வந்த இருவரோடு சிறைப்படுத்தப்பட்டார். நாற்பதைக் கடந்த வயது. முன்னே போக வழியில்லை, பின்னே திரும்பவும் வழியில்லை. அடிகளார் சிறையில் சிங்களம் படிக்கத் தொடங்கினார். கொங்கணி, போர்த்துக்கேயம், இலத்தீன், தமிழ் ஆகியவற்றுக்குப் பிறகு, குழந்தையைப் போல் மீண்டும் எழுத்துக் கூட்டினார். நாற்பது வயதுக்கு மேல் பிழையோடு பேசுவது வெட்கம் என்று எண்ணும் நம்மவர் இதைக் கவனிக்கலாம். காவல் சற்றுத் தளர்ந்தபோது ஒரு சிறு குடிலை ஆலயமாக அமைத்து, அங்கே திருப்பலி நிறைவேற்றினார்.

வறட்சிக் காலத்தில் அவரது செபத்தால் மழை பெய்த அற்புதத்தை நீங்கள் மறைக்கல்வி வகுப்பிலேயே கேட்டிருப்பீர்கள். அதன்பின் மன்னன் அவரைத் தன் நாட்டில் சுதந்திரமாக நடமாட விட்டான். கொழும்பின் கத்தோலிக்கரைக் காண மறுபடியும் மாறுகோலத்தில் ஒல்லாந்தர் எல்லைக்குள் நுழைந்தார். 1697 இல் கோவாவிலிருந்து துணைக்குருக்கள் வந்தார்கள். அவர்களுள் ஒருவர் அவரது மருமகனாகிய யோசப் கர்வாலோ அடிகள். தனியே ஏற்றம் ஏறிய பத்து ஆண்டுகளுக்குப் பின்னர் துணை கிடைத்தது.

அவ்வேளையில் கண்டியில் பெரியம்மை பரவியது. நோயுற்றோரை உறவினரே காட்டில் விட்டுவிட்டு ஓடினர். அடிகளாரும் கர்வாலோவும் அவர்களைத் தேடிச் சென்று, குடிசை கட்டி, உணவூட்டி, புண்களைக் கழுவி, இறந்தோரை அடக்கம் செய்தனர். பௌத்தரென்றும் கத்தோலிக்கரென்றும் அவர்கள் பிரிக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு நாள், நோயாளியாகக் கைவிடப்பட்டு, முன்பின் அறியாத ஒருத்தியின் கஞ்சியால் பிழைத்தவர் அவர் என்பதை நினைத்துப் பார்க்கிறேன். தம் பலவீனத்தை அன்று வெட்கப்பட்டு மறைத்திருந்தால், இந்தக் காட்டில் அவர் எத்தகைய தாதியாக இருந்திருப்பாரோ!

அவரை ஆயராக உயர்த்தும் எண்ணம் உரோமையின் பிரதிநிதியிடம் எழுந்தபோது பணிவோடு விலகிக்கொண்டார். 1705 இல் வந்து சேர்ந்த யாக்கோமே கொன்சால்வெஸ் என்ற இளங்குருவைத் தமிழும் சிங்களமும் கற்கத் தூண்டினார். தவக்காலத்தில் நம் ஆலயங்களில் பாடப்படும் வியாகுல பிரசங்கம் அவர் எழுதியதே.

ஒயாத நடையினால் தளர்ந்திருந்த யோசப் வாஸ் அடிகளார் 1711 ஆம் ஆண்டு ஜனவரி 16 ஆம் நாள் கண்டியில் இறைவனடி சேர்ந்தார். வயது 59. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1995 ஜனவரி 21 இல் காலிமுகத்திடலில் அவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார். அதே திடலில் 2015 ஜனவரி 14 இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அந்நாளில் தோட்டங்களிலிருந்து விடியுமுன்னரே புறப்பட்டு வந்து, கூட்டத்தின் ஓரத்தில் குழந்தைகளைத் தோளில் ஏற்றி நின்ற குடும்பங்களுள் உங்கள் குடும்பமும் ஒன்றாய் இருந்திருக்கலாம்.

அவரது திருநாள் ஜனவரி 16. அன்று ரம்புக்கனையிலிருந்து கண்டிக்குச் செல்ல முடிந்தவர்கள் புகையிரதத்தில் வலப்பக்கச் சன்னலோரம் அமருங்கள். வண்டி மெதுவாகத்தான் ஏறும். பிள்ளைகளுக்கு யோசப் வாஸ் அடிகளாரின் கதையைச் சொல்லி முடிக்கப் பலனை வரையில் நேரம் போதும். தொடங்கும்போது கஞ்சி கொடுத்த அந்தப் பெண்ணை விட்டுவிடாதீர்கள்.